இ-மெயில் திறக்கவில்லை, ஜெயில் கதவும் திறக்கவில்லை!

ஜாமீன் உத்தரவு ஜெயில் கம்ப்யூட்டருக்கு வந்துவிட்டது. ஆனால் அதைத் திறந்து படித்தவர் யாரும் இல்லை. உத்தரவு பெற்ற வாலிபரோ கிட்டத்தட்ட 3 ஆண்டுகள் உள்ளேயே கம்பி எண்ணினார்!

இந்தக் கூத்து நடந்தது குஜராத்தில்.

கொலை வழக்கில் ஆயுள் தண்டனை பெற்றவர் அவர். அவருடைய தண்டனையை நிறுத்தி வைத்து, ஜாமீனில் விடும்படி 2020-ம் ஆண்டு செப்டம்பர் 29-ந் தேதி குஜராத் ஐகோர்ட்டு உத்தரவிட்டது. அது கொரோனா காலம். உத்தரவு இ-மெயிலில் ஜெயிலுக்குப் பறந்தது.

மெயில் வந்ததை ஜெயில் அதிகாரிகள் மறுக்கவில்லை. "அதோடு இணைத்திருந்த உத்தரவைத் திறக்க முடியவில்லை" என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம்!

திறக்கவில்லை என்றால் ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாமே? கேட்கவில்லை. அதே மெயில் செசன்சு கோர்ட்டுக்கும் போனது. ஜெயிலில் உத்தரவு கிடைத்ததா என்று அங்கேயும் யாரும் விசாரிக்கவில்லை.

ரூ.1 லட்சம்

2023-ல் அவர் மறுபடியும் ஜாமீன் கேட்டு வந்தபோதுதான் குட்டு உடைந்தது. 14 நாளுக்குள் ரூ.1 லட்சம் நஷ்டஈடு கொடுக்கும்படி மாநில அரசுக்கு ஐகோர்ட்டு உத்தரவிட்டது. கணக்குப் போட்டுப் பார்த்தால், உள்ளே இருந்த ஒரு நாளைக்கு 100 ரூபாய் கூடத் தேறாது.

புறா வருமா?

இதற்கு முன்பே 2021-ல் ஆக்ரா ஜெயிலில் ஒரு கூத்து நடந்தது. குற்றம் நடந்தபோது சிறுவர்களாக இருந்த 13 பேர், 14 முதல் 22 ஆண்டுகள் வரை அங்கே அடைபட்டுக் கிடந்தார்கள். ஜூலை 8-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு அவர்களுக்கு ஜாமீன் கொடுத்தது. "உத்தரவு நகல் தபாலில் வரவில்லை" என்று ஜெயிலில் விட மறுத்தார்கள்.

உத்தரவைக் கொண்டு வர இந்தக் காலத்திலும் வானத்தில் புறாவைத் தேட வேண்டுமா என்று அப்போதைய தலைமை நீதிபதி என்.வி.ரமணா வேதனைப்பட்டார். அதன் பிறகு, சுப்ரீம் கோர்ட்டு உத்தரவை உடனுக்குடன் கம்ப்யூட்டர் மூலம் அனுப்பும் "பாஸ்டர்" முறை 2022 மார்ச் 31-ந் தேதி வந்தது. போலீஸ், கோர்ட்டு, ஜெயில், தடய அறிவியல் கூடம், அரசு வக்கீல் ஆகிய 5 துறைகளின் கம்ப்யூட்டர்களையும் இணைக்கும் திட்டத்தின் அடுத்த கட்டத்துக்கு அதே ஆண்டு மத்திய அரசு ரூ.3,375 கோடிக்கு ஒப்புதல் அளித்தது.

7 நாள் கணக்கு

2023 ஜனவரி 31-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு இன்னும் கிடுக்கிப்பிடி போட்டது. ஜாமீன் உத்தரவை அன்றோ மறுநாளோ ஜெயில் சூப்பிரண்டுக்கு மெயிலில் அனுப்ப வேண்டும். அவர் அந்தத் தேதியைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். 7 நாளில் கைதி வெளியே போகாவிட்டால், மாவட்ட சட்டப்பணிகள் ஆணையத்துக்குச் சொல்ல வேண்டும்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் சூப்பிரண்டு மெயிலையே திறக்காவிட்டால்? தேதி ஏறாது. தேதி ஏறாவிட்டால் 7 நாள் கணக்கும் தொடங்காது! இந்த விதி வந்த பிறகும் குஜராத் வாலிபர் 7 மாதத்துக்கு மேல் உள்ளேதான் இருந்தார்.

அவரைப்போல உத்தரவு வந்தும் வெளியே வராத கைதிகள் வேறு யார் யார் என்று கணக்கெடுக்கும்படி, மாவட்ட சட்டப்பணிகள் ஆணையங்களுக்கு குஜராத் ஐகோர்ட்டு உத்தரவிட்டது.