தற்காலிகக் கொட்டிலுக்கு மின்சாரம் எடுக்கும்போது

முகாமில் இருந்தாலும், சொந்தக் காணிக்குத் திரும்பி வீடு கட்டி முடியும்வரை தறப்பாள் கொட்டிலில் இருந்தாலும், எம்மிற் பலர் மின்சாரத்தை வேறோரிடத்திலிருந்தே எடுக்கிறோம். பொதுமண்டபத்து மின்பெட்டியிலோ அயல்வீட்டிலோ செருகியைச் செருகி, நீண்ட வயர் ஒன்றைக் கொட்டிலுக்குக் கொண்டுவருகிறோம். கொட்டிலுக்குள் எவ்வளவு கவனமாக இருந்தாலும், அந்த முதல் இணைப்புப் பிழையானால் பாதுகாப்பு இல்லை. எனவே மின்பெட்டியிலிருந்தே நாம் கவனிக்கத் தொடங்க வேண்டும்.

எமது நாட்டில் வீடுகளுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ற்று. கொட்டிலில் தகரமும் ஈரநிலமும் அருகருகே இருக்கின்றன. தகரத்தின் விளிம்பில் உரசி வயரின் தோல் கிழிந்தால், முழுக் கூரையிலும் மின் ஏறிவிடும். ஈரக் காலுடன் அதைத் தொடுபவருக்கு உயிராபத்து.

இதிலிருந்து எம்மைக் காப்பது ட்ரிப் சுவிட்ச். போன மின்னும் திரும்பி வந்த மின்னும் சமமில்லாமல், 30 மில்லிஅம்பியர் அளவு வெளியே கசிந்தால், அது ஒரு நொடிக்குள் மின்னைத் துண்டித்துவிடும். இதைக் கொட்டிலில் மாத்திரம் பூட்டினால் போதாது. மின் எடுக்கும் இடத்திலேயே இருந்தால்தான், நிலத்தில் கிடக்கும் நீண்ட வயருக்கும் பாதுகாப்புக் கிடைக்கும். அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். சுவிட்ச் விழவில்லையென்றால் அதை நம்ப வேண்டாம்.

ஆனால் அளவுக்கு மிஞ்சிய சுமையை ட்ரிப் சுவிட்ச் தடுக்காது. அதற்கு ஏற்ற அளவான உருகி வேண்டும். உருகிக்குப் பதிலாக ஆணியோ சிகரெட் பெட்டித் தாளோ வைத்தால், உருகிக்கு முன் வயர் எரியும். 5 அம்பியர் இணைப்பொன்று ஏறக்குறைய 1150 வாற்று வரையே தாங்கும். சில மின்குமிழ்களுக்கும் வானொலிக்கும் இது தாராளம். தண்ணீர் கொதிக்கவைக்கும் மின்கேத்தலுக்குப் பெரும்பாலும் போதாது. மிகுதி வயரைச் சுருட்டி வைத்துக்கொண்டு பெரிய சுமையை ஏற்றவும் கூடாது. சுருளுக்குள் சூடு வெளியேற வழியில்லை.

தோட்டக் கிணற்றுக்குப் பம்பு பூட்டுவோர் வயரின் பருமனையும் பார்க்க வேண்டும். ஒரு குதிரைவலுப் பம்பு ஓடும்போது சுமார் 6 அம்பியர் இழுக்கும். 50 மீற்றர் தூரத்துக்கு 0.5 சதுர மில்லிமீற்றர் செப்பு வயர் போட்டால் வழியிலேயே 20 வோல்ற்றுக்கு மேல் குறைந்துவிடும். 1.5 சதுர மில்லிமீற்றர் வயரில் 7 வோல்ற்று அளவே குறையும். பம்பு தொடங்கும் நொடியில் இழுப்புப் பல மடங்காவதால், மெல்லிய வயரில் அது சுற்றாமல் உறுமி நிற்கும். அப்படியே விட்டால் சுருள் கருகிவிடும். உறுமினால் உடனே நிறுத்துங்கள்.

இணைக்கும்போது இந்த ஒழுங்கைக் கைக்கொள்வோம்:

1. முதலில் மின்பெட்டியின் சுவிட்சை நிறுத்துங்கள்.

2. செருகும் துளைகளைப் பாருங்கள். கருகிய நிறமோ, உருகிய பிளாஸ்டிக்கோ, செருகி ஆடும் தளர்வோ இருந்தால் அதைப் பாவிக்க வேண்டாம். தளர்ந்த இணைப்பே சூடேறித் தீப்பிடிக்கும்.

3. எர்த் கம்பி உண்மையில் இணைந்துள்ளதா என்பதை மின்வேலை தெரிந்தவரைக் கொண்டு மீற்றரால் பார்ப்பியுங்கள். ரெஸ்ரர் அதைக் காட்டாது.

4. கொட்டில் பக்கத்தை முதலிலும் மின்பெட்டிப் பக்கத்தைப் பின்னரும் இணைத்து, கடைசியாகச் சுவிட்சைப் போடுங்கள். கழற்றும்போது முதலில் சுவிட்சை நிறுத்துங்கள்.

5. வழியில் பொருத்து வேண்டாம். தவிர்க்க முடியாவிட்டால் நிலத்துக்கு மேலே, மழை படாத மூடிய பெட்டிக்குள் வையுங்கள்.

கம்பத்துக் கம்பியில் கொளுவி மின் எடுப்பது குற்றம் மட்டுமல்ல. அங்கே எம்மைக் காக்க உருகியும் இல்லை, ட்ரிப் சுவிட்சும் இல்லை.

ஒருவருக்கு மின் தாக்கினால் அவரைத் தொடாதீர்கள். சுவிட்சை நிறுத்துங்கள். முடியாவிட்டால் காய்ந்த தடியால் வயரை விலக்கி, 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸ் கேளுங்கள்.

பல குடும்பங்கள் ஒரே பெட்டியிலிருந்து மின் எடுக்கும் இடத்தில், எல்லோரும் சேர்ந்து ஒரு ட்ரிப் சுவிட்சை வாங்கிப் பூட்டலாம். ஒரு குடும்பத்துக்குச் சுமையாகத் தெரியும் செலவு, பத்துக் குடும்பங்களுக்குப் பெரிதல்ல.