கொங்கண் பகுதியின் செந்தேள்: கொட்டின் அறிகுறிகளும் மருத்துவ வரலாறும்

ஆய்வுச் சுருக்கம்

மகாராட்டிர மாநிலத்தின் கொங்கண் கடற்கரைப் பகுதியில் வாழும் தேள்களுள் உயிருக்கு ஊறு விளைவிப்பது செந்தேள். உருவத்தில் பெரிய கருந்தேளைக் காட்டிலும் இச்சிறிய தேளின் நஞ்சே கொடியது. கொட்டின் கடுமையை வலியைக் கொண்டு அளவிடும் வழக்கம் எவ்வாறு தவறான கணிப்பிற்கு இட்டுச்சென்றது என்பதையும், பிற அறிகுறிகள் இனங்காணப்பட்ட பின் மருத்துவம் எவ்வாறு மாறியது என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: செந்தேள், கருந்தேள், கொங்கண், தன்னியக்க நரம்பு மண்டலம், பிராசோசின், நச்சுமுறி.

முன்னுரை

பாம்பு கடிக்கும், தேள் கொட்டும். தமிழ் இவ்விரு செயல்களுக்கும் வெவ்வேறு வினைகளை வழங்குகிறது. மராத்தியிலோ பாம்பிற்கும் தேளிற்கும் ஒரே வினைதான். எனினும் தேளின் இயல்பை அம்மொழியினர் கூர்ந்து நோக்கியிருந்தனர் என்பதற்குச் சான்றுண்டு. 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஏக்நாதர், காமத்தையும் சினத்தையும் தேளாக உருவகித்துப் பாடிய பாரூட் பாடலில், கொட்டுண்டவன் உடலில் வியர்வை பெருகுவதைக் குறிப்பிடுகிறார். அவ்வியர்வையின் மருத்துவப் பொருள் 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் தெளிவாயிற்று.

செந்தேளும் கருந்தேளும்

இந்தியாவில் நூற்றுக்கும் மேற்பட்ட தேள் இனங்கள் அறியப்பட்டுள்ளன. அவற்றுள் மனித உயிருக்கு இடர் விளைவிப்பவை மிகச் சிலவே. கொங்கணில் மக்கள் பெரிதும் அஞ்சுவது கருந்தேளை. ஹெட்டரோமெட்ரஸ் என்னும் பேரினத்திலும், 2020ஆம் ஆண்டின் வகைப்பாட்டுத் திருத்தத்தில் அதிலிருந்து பிரிக்கப்பட்ட பேரினங்களிலும் அடங்கும் இத்தகைய தேள்கள் 10 செ.மீ.க்கும் மேல் வளர்பவை. தமிழில் நட்டுவாக்காலி என்று வழங்குவதும் இவ்வகையையே. இவற்றின் இடுக்கிகள் பருத்தவை. இரையை அவற்றாலேயே நொறுக்கிவிட இயலும். ஆதலின் நஞ்சின் தேவை குறைவு. கொட்டினால் கடுமையாக வலிக்கும், பெரும்பாலும் அவ்வளவே.

செந்தேளின் அமைப்பு இதற்கு நேர்மாறானது. நீளம் பொதுவாக 5 முதல் 9 செ.மீ. வரை, இடுக்கிகள் மெலிந்தவை, வால் உடலை நோக்கத் தடித்தது. இரையை வீழ்த்த இது நஞ்சையே நம்பியிருக்கிறது. இடுக்கி மெலிந்து வால் தடித்திருப்பின் எச்சரிக்கை தேவை என்பது களத்தில் பயன்படும் எளிய அடையாளம். எல்லா இனங்களுக்கும் அது பிழையின்றிப் பொருந்தும் எனக் கொள்ளலாகாது. கொங்கணின் செம்பூரான் கல் அடுக்குகள், விறகுக் குவியல்கள், ஓட்டுக்கூரைகள், வைக்கோற்போர்கள் ஆகியன இதன் உறைவிடங்கள். இரவில் இரைதேடும் இவ்வுயிர் விடியலில் காலணிக்குள்ளும் படுக்கை மடிப்பிலும் ஒடுங்குகிறது. வெயில் மிகுந்த மாதங்களிலும் முதல் மழையை ஒட்டியும் கொட்டுகள் பெருகும்.

இதன் அறிவியற்பெயர் தமிழாய்வாளர் கருதத்தக்கது. 1798இல் டென்மார்க் நாட்டு இயற்கையியலார் ஃபேப்ரீசியஸ் இதற்கு 'ஸ்கார்ப்பியோ தமுலுஸ்' எனப் பெயரிட்டார். பேரினப் பெயர் பின்னர்ப் பூத்தஸ், மீசோபூத்தஸ், ஹொட்டென்டொட்டா எனப் பன்முறை மாறியபோதும், தமிழைச் சுட்டும் 'தமுலுஸ்' என்னும் அடைமொழி மாறவில்லை. ஆயினும் இவ்வினம் தமிழ்நிலத்திற்கு மட்டும் உரியதன்று. இந்தியாவின் பல பகுதிகளிலும், பாகிஸ்தானிலும், நேபாளத்திலும், இலங்கையின் வடபுலத்தில் யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் இது வாழ்கிறது.

நஞ்சின் செயற்பாடு

செந்தேளின் நஞ்சு பல சிறு புரதங்களின் கலவை. அவற்றுட் சில, நரம்புச் செல்களின் சோடியம் வாயில்கள் உரிய நேரத்தில் மூடாதவாறு தடுக்கின்றன; வேறு சில பொட்டாசியம் வாயில்களை அடைக்கின்றன. பின்னைய வகையைச் சேர்ந்த ஐபீரியோடாக்சினும் டமாப்பினும் இத்தேளின் நஞ்சிலிருந்தே பிரித்தெடுக்கப்பட்டு, இன்று உலகெங்கும் நரம்பியல் ஆய்வகங்களில் கருவிப்பொருள்களாகப் பயன்படுகின்றன. வாயில்கள் இவ்வாறு செயலிழப்பதால் தன்னியக்க நரம்புகள் ஓயாது தூண்டப்படுகின்றன. முதலில் வாந்தி, மிகுவியர்வை, உமிழ்நீர்ப் பெருக்கு, ஆண்களுக்குக் குறி தானே விறைத்து நிற்றல் ஆகியன தோன்றும். இக்கட்டம் குறுகியது. அடுத்து அட்ரினலின் வகைச் சுரப்புகள் குருதியில் பெருகுகின்றன. குருதிக்குழாய்கள் சுருங்கிக் கைகால்கள் குளிர்கின்றன, குருதியழுத்தம் ஏறுகிறது. சுருங்கிய குழாய்களுக்கு எதிராக இயங்க முயலும் இதயம் தளர்கையில் நுரையீரலில் நீர் கோக்கிறது. இறப்பிற்குப் பெரிதும் காரணமாவது இந்நிலையே. குழந்தைகளின் உடல் எடை குறைவாதலால், அதே அளவு நஞ்சு அவர்களைக் கடுமையாகத் தாக்குகிறது.

வலியும் வியர்வையும்

1970களின் பிற்பகுதியில் கொங்கணின் பீர்வாடி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பணியேற்ற மருத்துவர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர், கொட்டுண்டு வருவோரின் அருகிலேயே இருந்து அறிகுறிகளைக் குறித்துவந்தார். தேள்கொட்டு கடும் வலி தருவது, ஆயினும் உயிர்போக்காதது என்பதே அக்காலப் பொதுக்கருத்து. அவர் கண்டது வேறு. வலியால் அலறுவோர் பெரும்பாலும் பிழைத்தனர். வலி குறைந்து, ஆனால் உடல் நனைய வியர்த்து, வாந்தியெடுத்து, கைகால் குளிர்ந்து கிடந்தோரே சில மணி நேரத்தில் மூச்சுத்திணறி இறந்தனர். இவ்வறிகுறிகளை வரவிருக்கும் இதயப் பாதிப்பின் முன்னறிவிப்புகளாக அவர் 1982இல் 'லான்செட்' இதழில் வெளியிட்டார்.

மந்திரிப்போரின் நற்பெயருக்கும் இங்கு ஒரு விளக்கம் கிடைக்கிறது. கொட்டியது கருந்தேளாயின் எவர் மந்திரித்தாலும் வலி தணியும். செந்தேளாயினும் வலி தணியலாம். அத்தணிவைக் குணம் என்று கருதி வீடு திரும்பிய குடும்பம் இழப்பது மருத்துவத்திற்குரிய நேரத்தையே. அம்மக்களை அறியாமையுடையோர் எனக் குறைகூறுவது முறையன்று. மருத்துவ நூல்களும் அன்று இதனைத் தெளிவாகக் கூறவில்லை.

மாத்திரையும் நச்சுமுறியும்

அக்காலத்தே அட்ரோபின், ஸ்டீராய்டு, ஒவ்வாமைத் தடுப்பு மருந்துகள் முதலியன வழங்கப்பட்டன. வியர்வையும் உமிழ்நீரும் பெருகுவதைக் கண்டு அட்ரோபின் தருவது தருக்கத்திற்கு ஒத்ததாகவே தோன்றும். ஆனால் குறுகிய முதற்கட்டத்தை அடக்கப்போய், இதயத்துடிப்பை மேலும் விரைவுபடுத்தி, நெடிய இரண்டாம் கட்டத்தின் கேட்டை அது மிகுவிக்கிறது. மருத்துவமனை சேர்ந்த கடும் பாதிப்புடையோருள் ஏறத்தாழ 30 விழுக்காட்டினர் அன்று உயிரிழந்தனர்.

பாவஸ்கர் முதலில் நுரையீரலில் நீர் கோத்தோர்க்குச் சோடியம் நைட்ரோபுரூசைடு என்னும் குழாய்விரிப்பு மருந்தை நாளம் வழிச் செலுத்திப் பயன்கண்டார். அதற்கு இடையறாத கண்காணிப்புத் தேவை. சிற்றூர் மருத்துவமனையில் அது அரிது. உயர் குருதியழுத்தத்திற்கு வழங்கப்பட்டுவந்த பிராசோசின் மாத்திரை அவ்விடத்தை நிரப்பியது. அட்ரினலின் வகைச் சுரப்புகள் குருதிக்குழாயில் பற்றும் ஆல்ஃபா ஏற்பிகளை அது அடைக்கிறது, குழாய்கள் விரிகின்றன, இதயத்தின் சுமை இறங்குகிறது. குழந்தைகளுக்கு உடல் எடையின் கிலோவிற்கு 30 மைக்ரோகிராம் என்னும் அளவில், மருத்துவக் கண்காணிப்பில், படுத்த நிலையிலேயே இது தரப்படுகிறது. எழுந்து நின்றால் குருதியழுத்தம் திடீரென வீழக்கூடும். 1986இல் இதுபற்றிய அவரது குறிப்பு 'லான்செட்' இதழில் வெளிவந்தது. அம்மருத்துவம் பரவிய பின் கொங்கணில் இறப்பு 3 விழுக்காட்டளவிற்கும் அதற்குக் கீழும் குறைந்தது. புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையின் குழந்தை மருத்துவத் துறையினரும் இம்மருந்தின் வரவால் நேர்ந்த முன்னேற்றத்தைப் பதிவுசெய்துள்ளனர்.

பிராசோசின் நஞ்சை முறிப்பதன்று. நஞ்சின் விளைவைத் தடுப்பது மட்டுமே. நஞ்சையே பிணைத்துச் செயலிழக்கச் செய்வது நச்சுமுறி. இரண்டையும் ஒப்பிட்டு மகாடில் 70 நோயாளரிடம் நிகழ்த்திய ஆய்வை ஹிம்மத்ராவ் பாவஸ்கரும் அவர்தம் துணைவியார் பிரமோதினி பாவஸ்கரும் 2011இல் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' இதழில் வெளியிட்டனர். இரண்டும் பெற்ற 35 பேருள் 32 பேர் 10 மணி நேரத்தில் முற்றும் தேறினர். பிராசோசின் மட்டும் பெற்ற 35 பேருள் அந்நேரத்திற்குள் தேறியோர் 8 பேர். இதனால் மாத்திரை பயனற்றுப் போயிற்று எனக் கொள்வது பிழை. நச்சுமுறியைக் குளிரிலோ உலர்பொடியாகவோ பேணி, ஒவ்வாமைக்கு ஆயத்தமாயிருந்து, நாளம் வழிச் செலுத்த வேண்டும். மாத்திரையை எந்தச் சுகாதார நிலையத்தின் அலமாரியிலும் வைத்திருக்கலாம். மேலும், திசுக்களில் முன்பே பற்றிய நஞ்சின் மேல் நச்சுமுறியின் ஆற்றல் குறைவாதலின், காலந்தாழ்ந்து வருவோர்க்கு மாத்திரையே பெரிதும் துணை. ஹிம்மத்ராவ் பாவஸ்கருக்கு 2022இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. 'தமுலுஸ்' இனம் வாழும் யாழ்ப்பாணக் குடாநாட்டிலும், கொட்டுண்டு இதயப் பாதிப்பின் அறிகுறியுடன் வருவோர்க்குப் பிராசோசின் வழங்கப்படுகிறது.