மழை விட்ட மாதத்தின் குளிர்

மார்கழி நெருங்கினால் போதும், கைப்பேசிகளில் ஒரு செய்தி சுற்றத் தொடங்கிவிடும். இந்த மாதத்து விடியற்காலையில் ஓசோன் காற்று பூமிக்கு இறங்கி வருகிறதாம். அதைச் சுவாசிக்கத்தான் நம் முன்னோர் பெண்களை நாலரைக்கு எழுப்பி வாசலில் கோலம் போடச் சொன்னார்களாம். ஆண்டுதோறும் வருகிறது, ஆண்டுதோறும் நம்பப்படுகிறது. ஓசோன் படலம் இருப்பது நமக்கு மேலே சுமார் 15 முதல் 35 கிலோமீட்டர் உயரத்தில். மார்கழிக்காக அது கீழே இறங்குவதில்லை. தரையருகேயும் ஓசோன் உண்டாகிறது என்பது உண்மைதான். வாகனப் புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளும் வேறு சில ஆவிகளும் வெயிலில் வினைபுரியும்போது பிறப்பது அது. வெயில் வேண்டும் என்பதால் பிற்பகலில்தான் அதன் அளவு உச்சத்துக்குப் போகும். விடிவதற்கு முன் மிகக் குறைவாக இருக்கும். சுவாசக் குழாயைப் புண்ணாக்கும் வாயு என்பதால், கோலம் போடும் நேரத்தில் அது இல்லாமலிருப்பதே நமக்கு நல்லது.

எனக்கு இதில் பெரிய வருத்தம் ஒன்று உண்டு. மார்கழிக் காலை ஏன் இவ்வளவு நன்றாக இருக்கிறது என்பதற்கு நிஜமான காரணம் இருக்கிறது. இந்த ஊருக்கே, இந்த மழைக்கே உரிய காரணம் அது. ஓசோன் கதை அதைக் கேட்கவிடாமல் செய்துவிடுகிறது.

தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி, அதாவது 48 விழுக்காடு, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் கிடைப்பது. கார்த்திகை முடிகையில் ஏரி குளங்களில் தண்ணீர் நிற்கும், வயல் ஊறிக் கிடக்கும். அதன்பின் மழை மெல்ல ஓயும். நாள் பார்த்து ஓய்வதில்லை: 2023-இல் மார்கழி பிறந்த வேளையில்தான் தென்மாவட்டங்களில் கொட்டித் தீர்த்து, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் பதிவானது. ஆனாலும் பெரும்பாலான ஆண்டுகளில் மார்கழிக்குள் மேகம் விலகத் தொடங்கிவிடும். கீழே ஈரம், மேலே தெளிந்த வானம், இடையில் ஆண்டின் மிக நீண்ட இரவுகள். சித்திரையில் வானம் தெளிந்திருந்தாலும் மண்ணில் ஈரமில்லை. ஐப்பசியில் ஈரம் இருந்தும் வானம் மூடியிருக்கும். மூன்றும் ஒன்றுகூடுவது இந்தச் சில வாரங்களில்தான். மார்கழியையும் தையையும் முன்பனிக் காலம் என்று தனியாகப் பிரித்து வைத்தவர்கள் இதைக் கூர்ந்து பார்த்திருக்கிறார்கள்.

பகலில் வாங்கிய வெப்பத்தைத் தரை இரவு முழுக்க அகச்சிவப்புக் கதிராக வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். மேகம் இருந்தால் அது போர்வைபோல நின்று, தானும் கதிர்வீசித் தரைக்குக் கொஞ்சம் வெப்பத்தைத் திருப்பித் தரும். மேகமில்லாத இரவில் அந்த வரவு குறைந்து செலவு மட்டும் தொடரும். புல்லும் இலையும் வண்டிக் கூரையும் சுற்றியுள்ள காற்றைவிடச் சில டிகிரி அதிகமாகவே குளிர்ந்துபோகும். அவற்றைத் தொடுகிற காற்றிலுள்ள நீராவி அங்கேயே நீராகிவிடும். வெட்டவெளியில் நிறுத்திய இருசக்கர வாகனத்தின் சீட் காலையில் சொட்டச் சொட்ட நனைந்திருக்க, பத்தடி தள்ளி வேப்பமரத்தடியில் நிறுத்தியது காய்ந்து கிடப்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். மரம் மேலிருந்து விழும் பனியைத் தடுத்துவிட்டது என்றுதான் தோன்றும். மரம் தடுத்தது வண்டியிலிருந்து வானத்துக்குப் போன வெப்பத்தை. இதை முதலில் ஒழுங்காகச் சோதித்து எழுதியவர் லண்டனில் வாழ்ந்த மருத்துவர் வில்லியம் சார்லஸ் வெல்ஸ். சின்னச் சின்னக் கம்பளித் துணுக்குகளை எடைபோட்டு, இரவில் பலகையின் மேலும் அடியிலும் புல்தரையிலும் வைத்து, காலையில் மறுபடி எடைபோட்டுப் பார்த்தார். வானத்தைப் பார்த்துக் கிடந்தவை கனத்திருந்தன; மறைவில் இருந்தவை அவ்வளவு கனக்கவில்லை. 1814-இல் அவர் வெளியிட்ட நூல் பனித்துளி பற்றிய நம் அறிவுக்கு அடித்தளம்.

இன்னொன்றையும் உட்கார்ந்து பார்க்க வேண்டும். நெற்பயிரின் இலை நுனியில் காலையில் நிற்கும் ஒற்றைப் பெருந்துளி பெரும்பாலும் பனியே இல்லை. இரவில் இலைத்துளைகள் மூடியிருக்கையில், ஈர மண்ணிலிருந்து வேர் உறிஞ்சிய நீர் மேலே தள்ளப்பட்டு, இலை நுனியிலும் ஓரத்திலும் உள்ள நுண்ணிய வாய்கள் வழியே கசிகிறது. பனி என்றால் இலைப் பரப்பு முழுவதும் பொடிப்பொடியாகப் பூத்திருக்கும். விரலால் கோடு இழுத்தால் தடம் விழும். நுனியில் உருண்டு நிற்பது பயிருக்குள்ளிருந்து வந்த தண்ணீர். ஒரே இலையில் வானத்துக் கணக்கும் வேரின் கணக்கும் அடுத்தடுத்து இருக்கின்றன.

குளிர் எந்த உயரத்தில் அதிகம் என்ற கேள்விக்கு வருகிறேன். எனக்கு மிகப் பிடித்த பகுதி இது. தரைதான் வெப்பத்தை இழக்கிறது என்றால் தரையை ஒட்டிய காற்றுதான் மிகக் குளிர்ந்ததாக இருக்க வேண்டும். உலகம் முழுவதும் பாடநூல்கள் அப்படித்தான் சொல்லின. பாலக்காட்டில் பிறந்து, சர் சி.வி.ராமனிடம் பயின்று, இந்திய வானிலைத் துறையில் சேர்ந்த எல்.ஏ.ராமதாஸ் 1930-களின் தொடக்கத்தில் புனேயில் வேளாண் வானிலையை ஆராய்ந்துகொண்டிருந்தார். பயிர் நிற்கும் உயரத்தில் என்ன வெப்பநிலை இருக்கிறது என்பதுதான் அவருக்குத் தேவை. வெறும் தரையின்மேல் சில அங்குல இடைவெளிகளில் வெப்பநிலை அளந்தபோது, காற்றசையாத தெளிந்த இரவுகளில் மிகக் குளிர்ந்த காற்று தரையில் இல்லாமல், அதற்குச் சற்று மேலே, ஓரடி உயரத்தை ஒட்டி நிற்பது தெரிந்தது. 1932-இல் எஸ்.ஆத்மநாதனோடு சேர்ந்து அதை வெளியிட்டார்.

வெளிநாட்டு அறிஞர்கள் பலர் ஏற்கவில்லை. குளிர்ந்த கனமான காற்று, சூடான லேசான காற்றின்மேல் எப்படி அசையாமல் நிற்கும்? உடனே கீழே இறங்கிக் கலந்துவிடாதா? அளந்ததில் பிழை இருக்கும் என்றார்கள். பிறகு பல இடங்களில் பலர் அளந்து பார்த்தும் அதே விடைதான் வந்தது. அந்த அடுக்குக்கு இன்று ராமதாஸ் அடுக்கு என்றே பெயர். அறிவியலாளர் ரொத்தம் நரசிம்மாவும் அவருடன் பணிசெய்தவர்களும் 1990-களில் இதற்குக் கணித விளக்கம் தேடினார்கள். பெங்களூரு ஜவாஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தில் பிற்பாடு நடந்த ஆய்வுகள் காற்றில் மிதக்கும் நுண்துகள்களைச் சுட்டின. தரையருகே அடர்ந்திருக்கும் அந்தத் துகள்கள் தாமே கதிர்வீசி, தம்மைச் சுற்றியுள்ள காற்றைத் தரையைவிடவும் குளிர்விக்கின்றன என்பது அவர்கள் கண்டது. நாற்றங்காலும் கத்தரிக் கன்றும் நிற்கிற உயரம் அது. குத்துக்காலிட்டுப் புள்ளி வைக்கிறவர்களின் கையும் முகமும் இருக்கிற உயரமும் அதுதான். நெருக்கமாக வீடுகள் உள்ள தெருவில் இந்த அடுக்கு தெளிவாக அமையாது. திறந்த வயல்வெளியை ஒட்டிய கிராமத்து வாசலில் அமையலாம். குனிந்தால் ஜில்லென்று இருக்கிறது, நிமிர்ந்தால் குறைகிறது என்று யாராவது சொன்னால் அதைப் பிரமை என்று தள்ளிவிட மாட்டேன்.

மலையில் இந்தக் குளிர் இன்னும் ஒரு படி போகும். நீலகிரியில் முதலில் நீர்ப்பனி, பிறகு உறைபனி. சரிவுகளில் குளிர்ந்த காற்று கனத்துப் பள்ளம் நோக்கி வழிவதால் தலைகுந்தா போன்ற தாழ்ந்த இடங்களில் புல் வெளுத்துக் கிடக்கும். மேட்டில் இருக்கும் தேயிலை தப்பிவிடும். வானிலைக் கூண்டுக்குள் ஆளுயரத்தில் இருக்கும் வெப்பமானி மூன்று நான்கு டிகிரி காட்டும்போதே புல்நுனி உறைந்திருக்கும்.

சமவெளியில் நமக்கு வாய்த்த வெப்பமானி தேங்காய் எண்ணெய். 24 டிகிரியை ஒட்டி உறையத் தொடங்கும். சென்னையின் டிசம்பர் இரவுகள் சராசரியாக 22-ஐத் தொடுவதால் குளியலறை அலமாரியில் இருக்கும் எண்ணெய் காலையில் வெள்ளையாகிவிடுகிறது. தேங்காய் எண்ணெயில் பாதியளவு லாரிக் அமிலம். அதன் மூலக்கூறுகள் நேராக இருப்பதால் அருகருகே ஒழுங்காக அமைந்துகொள்கின்றன. நல்லெண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் வளைவு இருக்கிறது. அவை அப்படி அமைவதில்லை, ஆகவே அது உறைவதில்லை. பாதி உறைந்த பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: கண்ணாடிச் சுவரிலிருந்து உள்நோக்கி நட்சத்திரம் நட்சத்திரமாக ஊசிகள் வளர்ந்திருக்கும். வெயிலில் வைத்து உருக்குவதற்கு முன் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டிய காட்சி.

அடுத்த ஊர்க் கோயில் ஒலிபெருக்கி மார்கழியில் மட்டும் பக்கத்துத் தெருவில் பாடுவதுபோலக் கேட்பதும் இதே குளிரால்தான். பகலில் தரையருகே சூடு, மேலே குளிர். ஒலி சூடான காற்றில் விரைவாகப் போவதால் அதன் பாதை மேல்நோக்கி வளைந்து நம் தலைக்கு மேலே போய்விடும். மார்கழி விடியலில் தரையை ஒட்டிக் குளிர்ந்த காற்று, அதற்கு மேலே வெதுவெதுப்பான காற்று. இப்போது ஒலி கீழே வளைகிறது. எத்தனையோ தொலைவிலிருந்து ரயில் சத்தமும், பஜனைக்காரர்களின் ஜால்ராவும் நம் ஜன்னலுக்கு வந்து சேர்கின்றன.

கோலத்தின் நடுவே சாணி உருண்டையில் செருகி வைக்கும் பரங்கிப்பூவுக்கும் நேரக் கணக்கு உண்டு. அது விடியும் முன் விரியும், வெயில் ஏறுவதற்குள் வாடும். தேனீக்களுக்காகத் திறந்து வைக்கும் அந்தச் சில மணி நேரத்தில்தான் நாமும் பறிக்கிறோம். பறிக்கிறவர்கள் மெல்லிய நீளக் காம்புள்ள பூவாகப் பார்த்து எடுப்பார்கள். ஆண்பூ அது. அடியில் குட்டிப் பிஞ்சோடு இருப்பது பெண்பூ. அதைக் கொடியிலேயே விட்டுவிட்டால் காய் கிடைக்கும். ஆண்பூக்கள் எண்ணிக்கையில் எப்போதும் அதிகம் என்பதால் மாதம் முழுதும் பறித்தாலும் கொடிக்கு நட்டமில்லை.

பொங்கலுக்கு மொச்சை காய்ப்பதை நாம் இயல்பாக எடுத்துக்கொள்கிறோம். நாட்டு மொச்சையும் பந்தல் அவரையும் இரவின் நீளத்தை அளந்து பூக்கிற செடிகள். சென்னையில் ஆனி மாதத்துக்கும் மார்கழிக்கும் பகல்நேர வித்தியாசம் ஒன்றரை மணிதான். அந்தச் சின்ன வித்தியாசத்தை இலையிலுள்ள ஃபைட்டோகுரோம் என்ற நிறமி கண்டுகொள்கிறது. எப்போது விதைத்தாலும் இரவு நீளும்வரை காத்திருந்து பூவெடுக்கும். பருவம் பாராமல் காய்க்கும் குத்து அவரை ரகங்கள் வந்தபின் ஆண்டு முழுதும் அவரைக்காய் கிடைக்கிறது. ஆனாலும் தையில் வரும் பச்சை மொச்சையின் மணம் அவற்றில் இல்லை என்பது என் முடிவு.

இரவு நீளமென்றேன். டிசம்பர் 21-ஐ ஒட்டிச் சென்னையின் பகல் சுமார் 11 மணி 20 நிமிடம். ஆனால் சூரியன் மிக முன்னதாக மறைவது அன்றில்லை. நவம்பர் மூன்றாம் வாரத்தில், மாலை 5.40 வாக்கில். மிகத் தாமதமாக உதிப்பது ஜனவரி மூன்றாம் வாரத்தில், காலை 6.35-ஐ ஒட்டி. பூமியின் அச்சுச் சாய்வும் நீள்வட்டப் பாதையும் சேர்ந்து, இந்த நாட்களில் ஒரு நண்பகலுக்கும் அடுத்த நண்பகலுக்கும் இடையே 24 மணிக்கு மேல் அரை நிமிடம் வரை கூட்டிவிடுகின்றன. கடிகாரத்தில் உதயமும் மறைவும் சேர்ந்தே பின்னால் தள்ளிப்போகின்றன. ஜனவரி முதல் வாரத்தில் பூமி சூரியனுக்கு மிக அருகே, 14.7 கோடி கிலோமீட்டரில் இருக்கும். அப்போதுதான் மிக வேகமாகவும் ஓடும். அதனால் ஆனி 32 நாள்வரை நீள, மார்கழி பெரும்பாலும் 29 நாளில் முடிந்துவிடுகிறது.

இந்த மாதத்து முழுநிலவு ஏறக்குறையத் தலைக்கு மேலே போகும். ஆனியில் சூரியன் நிற்கிற இடத்தில் மார்கழியில் நிலா நிற்கிறது. அதன் அருகே சிவந்து தெரிவது திருவாதிரை நட்சத்திரம். 2019 அக்டோபர் வாக்கில் அது மங்கத் தொடங்கி, 2020 பிப்ரவரிக்குள் வழக்கமான ஒளியில் பாதிக்கும் கீழே போனது. வெடிக்கப் போகிறதோ என்று உலகமே பார்த்தது. நட்சத்திரமே வெளியேற்றிய வாயு குளிர்ந்து தூசியாகி மறைத்திருக்கிறது என்று தெரியவந்தது. சில மாதங்களில் பழைய ஒளி திரும்பியது.

ஒலியைக் கீழே வளைக்கிற அதே காற்றடுக்கு புகையையும் மேலே போகவிடாது. மேலே வெதுவெதுப்பு இருக்கும்போது கீழுள்ள குளிர்ந்த காற்று எழும்பாது. அதில் கலந்தது எதுவும் கலையாது. கிராமத்தில் விறகடுப்புப் புகை நீலமாகத் தோட்டத்தின்மேல் படர்ந்து நிற்பதைப் பார்க்க அழகுதான். நகரத்தில் அந்த இடத்தில் டீசல் புகை நிற்கிறது. சுத்தமான காற்றைத் தேடி ஐந்து மணிக்குப் பெருஞ்சாலை ஓரம் நடக்கிற பெரியவர்கள், குறிப்பாக ஆஸ்துமா உள்ளவர்கள், வெயில் ஏறியபின் நடப்பது நல்லது. மாதத்தின் கடைசி நாளான போகியில் இந்தப் புகை உச்சத்துக்குப் போகிறது. 2018 போகிப் புகையில் ஓடுதளம் தெரியாமல் சென்னை விமான நிலையத்தில் பல விமானங்கள் தாமதமாயின. சில வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன. பழைய பாயும் துடைப்பமும் எரிந்த காலத்தில் புகை இவ்வளவு நச்சாக இருக்கவில்லை. டயரும் பிளாஸ்டிக்கும் எரிகையில் வருவது வேறு வகை. தரை சூடேறிக் காற்று எழும்பக் காலை எட்டு, ஒன்பது மணியாவது ஆகும். நாலு மணிக்குக் கொளுத்திய டயரின் புகை அதுவரை கொளுத்திய தெருவிலேயேதான் இருக்கும்.