மங்கு, தேமல், வெண்புள்ளி: தேக்காவில் டப்பா வாங்கும் முன்

பால்மரக் காட்டிலும் செம்பனையிலும் வெயில் ஏறஏற நிற்கிற பெண்களுக்குக் கன்னத்தில் மங்கு விழுவது புதுக்கதை அல்ல. "தேக்காவுல அந்த வெள்ளைக் கிரீமை வாங்கிட்டு வா தம்பி" என்று சிங்கப்பூர் போகிறவரிடம் சொல்லி அனுப்புவதும் நடக்கிறது. கொஞ்சம் பொறுங்கள்.

முதலில், எது எது என்று தெரிய வேண்டும். மங்கு பிள்ளைத்தாய்ச்சிகளுக்கும் கர்ப்பத்தடை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் அதிகம் வரும். வெயில் பட்டால் கறுக்கும். அது அழுக்கு அல்ல, தேய்த்தால் போகாது. தேமல் ஒருவகைக் காளான். லயத்துப் பக்கம் வளர்கிற சீமை அகத்தியை, மலாய்க்காரர் கெலெங்காங் என்பதை, அரைத்துப் பூசுவது பழைய வழக்கம். காளானை அடக்கும் சக்தி அதற்கு உண்டு. வெண்புள்ளி வேறு. உடம்பின் காவல் சக்தியே நிறம் தரும் அணுக்களை அழிப்பதால் வருவது. 'வெண்குஷ்டம்' என்று யார் பேர் வைத்தார்களோ, அந்தப் பேரால் எத்தனை பெண்களின் கல்யாணம் நின்றிருக்கிறது! அது குஷ்டமும் இல்லை, ஒட்டுகிற நோயும் இல்லை.

இனி அந்த டப்பா. பாதரசம் கலந்த கிரீம் நிறம் ஊறுவதைத் தடுக்கும். சில வாரத்தில் முகம் வெளுக்கும். அதனால்தான் சனங்கள் நம்புகிறார்கள். ஆனால் பாதரசம் தோல் வழியே இறங்கிச் சிறுநீரகத்தில் உட்காரும். கேரளத்துக் கோட்டக்கல், 1902-ல் ஆரிய வைத்தியசாலை தொடங்கிய அதே ஆயுர்வேத ஊர். அங்கே 2024-ல் டாக்டர்கள் வெளியிட்ட கணக்கில், ஒரே வகைச் சிறுநீரகக் கோளாறோடு வந்த 15 பேரில் 13 பேர் வெள்ளையாக்கும் கிரீம் பூசியவர்கள். சிங்கப்பூர் சுகாதார அறிவியல் ஆணையமும் இப்படிப்பட்ட கிரீம்களைப் பற்றிப் பலமுறை எச்சரித்திருக்கிறது. செய்தவர் பேர், விலாசம், கலந்த சரக்கு எதுவும் அச்சிடாத டப்பா என்றால் அங்கேயே வைத்துவிடுங்கள். ஸ்டீராய்டு கலந்ததும் அப்படித்தான்: தோல் மெலியும், நிறுத்தினால் மங்கு திரும்ப வரும்.

மூலிகை என்றால் பயமில்லையா? கார்போகரிசியை எடுத்துக்கொள்ளுங்கள். வெண்புள்ளிக்கு நம் வைத்தியர்கள் தொன்றுதொட்டுக் கொடுப்பது. அதிலுள்ள சொராலென் வெயிலோடு சேர்ந்து நிறத்தை எழுப்பும். 1970-களிலிருந்து ஆஸ்பத்திரிகளில் சொராலெனோடு புற ஊதாக் கதிரை அளந்து கொடுத்தார்கள். அளவு என்பதுதான் விஷயம். வீட்டில் பூசிக்கொண்டு வெயிலில் நின்றால் கொப்புளம் கிளம்பும். உள்ளுக்குச் சாப்பிட்டு ஈரல் கெட்டவர்களும் உண்டு. எலுமிச்சைச் சாற்றிலும் அதே குடும்பச் சரக்கு இருக்கிறது. மங்குக்கென்று முகத்தில் தேய்த்துக்கொண்டு காட்டுக்குப் போனால், உள்ள கறுப்போடு இன்னொரு கறுப்பு சேரும்!

சந்தனம், கற்றாழை பூசலாம், குளிர்ச்சி தரும். மங்கை அழிக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். அகலத் தொப்பி, முகம் மறைக்கிற துணி, காலையிலும் நண்பகலிலும் வெயில்காப்புக் கிரீம்: பலன் இவற்றில்தான் அதிகம். ஒட்டுப்பொட்டு வைக்கிற இடத்தில் நிறம் வெளுத்தால் அன்றே நிறுத்துங்கள். பசையிலுள்ள ரசாயனம் நிறத்தைக் கொல்லும். மாத்திரையால் மங்கு என்று தோன்றினால் நீங்களாக நிறுத்தாமல் கிளினிக்கில் கேளுங்கள்.

இன்னொன்று. சிங்கப்பூரில் சீன வைத்தியர்களுக்கு 2000-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு உண்டு; ஆயுர்வேதத்துக்கு அந்த மாதிரிப் பதிவு இல்லை. ஆகவே வைத்தியர் எங்கே படித்தார் என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். அங்கே வேலை செய்கிற பிள்ளைகள் பாலிகிளினிக்கில் கடிதம் வாங்கிக்கொண்டு, மண்டலே ரோட்டில் 1988-லிருந்து இருக்கும் தேசியத் தோல் நிலையத்துக்குப் போகலாம்.