ஒரு சிலிண்டரை நம்பி நான்கு சில்லுகள்

யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்த எம்மவருள் மொறிஸ் மைனர் காரை அறியாதவர் அரிது. வைத்தியரின் கார், தலைமையாசிரியரின் கார், கலியாண வீட்டுக் கார் என அது எமது ஊர்களின் நினைவோடு கலந்துவிட்ட ஒன்று. 1990-களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோலின்றி மண்ணெண்ணெயில் ஓடிய பழைய கார்களுள் அதுவும் அடங்கும். எமது தந்தையாரின் காரும் அவ்வாறே ஓடியது. 1995 ஒக்ரோபர் 30-ஆம் நாள் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது, அது எரிபொருளின்றி வீட்டு முற்றத்திலேயே நின்றுவிட்டது.

ஆகவே, வடமேற்கு லண்டனில் வசிக்கும் நண்பர் ஒருவர் 1967-ஆம் ஆண்டின் மொறிஸ் மைனர் ஒன்றை வாங்கியபோது, அவருக்குச் சமமாக நாமும் மகிழ்ந்தோம். தமது மகளைத் திருமண மண்டபத்துக்கு அந்தக் காரிலேயே அழைத்துச் செல்லவேண்டும் என்பது அவரது விருப்பம். திருமணத்துக்கு மூன்று வாரங்கள் இருக்கையில் ஒருநாள், சமிக்ஞை விளக்கருகே நின்றவேளை, மிதித்திருந்த பிறேக் மிதி காலுக்கடியில் மெல்ல மெல்லத் தரைக்கு இறங்கியது. விட்டு மிதித்தபோது மீண்டும் எழுந்தது.

"கொஞ்சம் ஒயில் விட்டால் சரிவரும்" என்றார் நண்பர். எமக்கு அவ்வாறு தோன்றவில்லை.

வெளியே கசிவு எதுவும் இல்லாமல் மிதி இவ்வாறு இறங்குமானால், பெரும்பாலும் பழுது மாஸ்ரர் சிலிண்டரின் உள்ளேயே இருக்கும். மிதியை அழுத்தும்போது இச்சிலிண்டரிலுள்ள பிஸ்ரன் திரவத்தைத் தள்ளுகிறது. அந்த அழுத்தம் குழாய்கள் வழியே நான்கு சில்லுகளுக்கும் செல்கிறது. பிஸ்ரனின் றப்பர் வளையங்கள் தேய்ந்தால், திரவம் முன்னே செல்லாமல் பின்னே நழுவிவிடும்.

இன்றைய கார்களில் பிறேக்கிற்கு இரு தனித்தனிச் சுற்றுகள் உண்டு. ஒன்று பழுதானாலும் மற்றது காரை நிறுத்தும். மொறிஸ் மைனரிலோ நான்கு சில்லுகளுக்கும் ஒரே சுற்றுத்தான். அது கைவிட்டால் எஞ்சுவது கைப்பிறேக் மட்டுமே. இதனைக் கண்டறிந்து சொல்ல ஆண்டுப் பரிசோதனையும் இல்லை. பெருமாற்றம் செய்யப்படாத, 40 வயது கடந்த கார்களுக்கு அப்பரிசோதனையிலிருந்து 2018 மே 20 முதல் பிரித்தானியா விலக்களித்துள்ளது. ஆனால் காரைப் பாதுகாப்பான நிலையில் வைத்திருக்கும் சட்டப் பொறுப்பிலிருந்து உரிமையாளருக்கு விலக்கு இல்லை.

நண்பர் முதலில் றப்பர் வளையங்களை மட்டும் மாற்ற விரும்பினார். செலவு குறைவு என்பது உண்மையே. ஆனால் சிலிண்டரைக் கழற்றி உட்சுவரில் நகத்தால் வருடியபோது துருக்குழிகள் தட்டுப்பட்டன. அத்தகைய சுவர் புதிய றப்பரையும் விரைவில் அரித்துவிடும். எஞ்சிய வழிகள் இரண்டு: பழைய சிலிண்டருக்குள் துருப்பிடியாத உருக்குக் குழலிட்டுப் புதுப்பித்தல், அல்லது புதிதாக ஒன்றை வாங்குதல்.

வாங்குவோர் முதலில் கவனிக்கவேண்டியது உள்விட்டத்தை. பெரியது சிறந்தது என எண்ணுதல் தவறு. எட்டில் ஏழு அங்குலத்துக்குப் பதிலாக ஓரங்குலச் சிலிண்டரைப் பொருத்தினால், பிஸ்ரனின் பரப்பு 30 சதவீதம் கூடும். அதே கால்விசைக்குக் கிடைக்கும் அழுத்தமோ ஏறத்தாழ நாலிலொரு பங்கு குறையும். மிதி உறுதியாகத் தோன்றும், கார் நிற்காது. இரண்டாவதாக, நெடுங்காலம் கடைத்தட்டில் கிடந்த 'பாவிக்காத பழைய' சிலிண்டரை அப்படியே பூட்டலாகாது. ஓடாத காரிலும் றப்பர் முதுமை அடையும்.

பொருத்தும் வேலை இக்காரில் சற்றுக் கடினமானது. சிலிண்டர் சாரதியின் காலடியில், அடிச்சட்டத்தின் பெட்டி வளைக்குள் அமர்ந்துள்ளது. திரவம் ஊற்றும் மூடிகூடத் தரைவிரிப்பின் கீழேதான். அதனைப் பிடித்திருக்கும் நீண்ட ஆணிகளை வெளியே இழுக்க முடியாதபடி, முன் சில்லின் முறுக்குத் தண்டு குறுக்கே நிற்கும். காரின் பாரத்தைத் தாங்கும் தண்டு அது. அனுமானத்தில் அதைத் தளர்த்துவது ஆபத்து. ஆதலால் அந்த வேலையை அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவரிடமே ஒப்படைத்தோம். காரின் அடியில் எவர் புகுந்தாலும், அதனை யாக்கில் மட்டும் நிறுத்திவிட்டுப் புகுதல் கூடாது. உறுதியான தாங்கிகள் வேண்டும்.

பூட்டும்போது செம்பு வளையங்களைப் புதிதாக இட்டோம். மிதியிலிருந்து வரும் தள்ளுகோலுக்கும் பிஸ்ரனுக்கும் இடையே மயிரிழை இடைவெளி விடப்பட்டது. அந்த இடைவெளி இல்லையேல், பிஸ்ரன் முற்றாகப் பின்வாங்காது. திரவம் கலத்துக்குத் திரும்பும் சிறு துவாரம் மூடியே இருக்கும். ஓடும்போது சூடேறி விரியும் திரவத்துக்குப் போக்கிடமின்றி, எவரும் மிதிக்காமலே பிறேக் பிடித்துக்கொள்ளும்.

இனி, நாம் 'ஒயில்' என்று வழங்கும் பொருளைப் பற்றியும் கூறவேண்டும். பிறேக் ஒயில் உண்மையில் எண்ணெய் அன்று. அவசரத்துக்கு என்ஜின் ஒயிலை அதில் ஊற்றினால் றப்பர் வளையங்கள் ஊதிக் கெடும். பரவலாகப் பாவிக்கப்படும் டொட் 4 திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. புதிதாக இருக்கையில் அதன் கொதிநிலை குறைந்தது 230 பாகை செல்சியஸ்; ஏறத்தாழ 3.7 சதவீதம் நீர் கலந்தபின் நியமம் கோருவது 155 பாகையை மட்டுமே. சிலிண்டர் சுவரில் துருக்குழி தோண்டுவதும் அந்த நீரே. எனவே இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை திரவத்தை முற்றாக மாற்றுதல் நன்று. டொட் 5 எனப்படும் சிலிக்கோன் திரவத்தை இதனோடு கலத்தல் ஆகாது.

இறுதியில் காற்றை வெளியேற்றவேண்டும். சிலிண்டருக்கு மிகத் தொலைவிலுள்ள சில்லில் தொடங்கினோம். மிதியில் கால் வைக்க ஆள் தேவைப்பட்டது. மணப்பெண்ணே வந்து அமர்ந்தார். "அமத்து... பிடி... இப்ப விடு" என்று தந்தை காரின் அடியிலிருந்து குரல் கொடுக்க, குமிழிகள் நின்று தெளிந்த திரவம் வரும்வரை மகள் மிதித்தார். பின்னர் ஐந்து நிமிடங்கள் மிதியை அழுத்திப் பிடிக்கச் சொன்னோம். அது அசையவில்லை.

கழற்றிய சிலிண்டரைக் கையில் வைத்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்த நண்பர், "இதை நம்பியோ பிள்ளையை ஏத்திக்கொண்டு போக இருந்தனான்" என்றார். மறுநாள் வெறுமையான வாகனத் தரிப்பிடம் ஒன்றில், முதலில் நடைவேகத்திலும் பின்னர் சற்று விரைந்தும் ஓட்டி நிறுத்திப் பார்த்தோம். அதன் பின்னரே தெருவுக்கு இறங்கினோம்.

ஊர் நினைவாகப் பழைய கார் வைத்திருக்கும் அன்பர்கள் பலர் எம்மிடையே உள்ளனர். வண்ணம் பூசவும் இருக்கை தைக்கவும் அவர்கள் செலவிடுவதை நாம் குறைகூறவில்லை. ஆனால் இந்த வார இறுதியில் ஒருமுறை தரைவிரிப்பைத் தூக்கி, மூடியைச் சுற்றித் துடைத்துவிட்டுத் திறந்து பாருங்கள். திரவம் கறுத்திருந்தாலோ, மட்டம் குறைந்திருந்தாலோ, மிதி காலுக்கடியில் இறங்கினாலோ, காரணம் அறியும்வரை அந்தக் காரில் எவரையும் ஏற்றாதீர்கள்.