கூட்டாக இழுப்பவர்களின் கணக்கு

வாடைக் காற்று ஓய்ந்து கடல் தணியும் மாதங்களில், திருகோணமலைக்கு வடக்கே உப்புவெளி, நிலாவெளி, குச்சவெளி எனத் தொடரும் மணற்கரைகளில் கரைவலைத் தொழில் நடக்கும். கயிற்றின் ஒரு முனையைக் கரையில் விட்டுவிட்டுத் தோணி கடலுக்குள் போகும். மீன் நிற்கும் இடத்தைச் சுற்றி அரைவட்டமாக வலையை இறக்கிக்கொண்டே வந்து, மறுமுனைக் கயிற்றோடு சற்றுத் தள்ளிக் கரை சேரும். அதன்பின் இரண்டு முனைகளிலும் ஆட்கள் நின்று மணிக்கணக்காக இழுப்பார்கள். இரு பக்கமும் ஒன்றுபோல் வரவேண்டும். ஒரு பக்கம் முந்தினால் வலை கோணிக்கொள்ளும். கயிறு தொய்ந்தால் அடிவலை மண்ணை விட்டு எழும்பும். வளைத்த மீன் அத்தனையும் கீழால் போய்விடும். எப்பேர்ப்பட்ட பலசாலியும் தனியாக நின்று கரைக்குக் கொண்டுவர முடியாத வலை இது. தன்னலத்தைப் பின்னுக்குத் தள்ளி ஊருக்காக உழைப்பது பற்றி நாம் மேடைகளில் நிறையப் பேசுகிறோம். அந்தப் பேச்சில் பெரும்பாலும் விடுபட்டுப் போகும் ஒன்றைக் கரைவலை தெளிவாகக் காட்டுகிறது. மனிதர்கள் கூடி உழைப்பதும் உழைக்காததும் அவர்களுடைய குணத்தைவிட, அந்த வேலை எப்படி ஒழுங்கு செய்யப்பட்டிருக்கிறது என்பதையே அதிகம் பொறுத்திருக்கிறது.

கரைவலையில் வழக்கமாக நாட்கூலி கிடையாது. பிடிபட்ட மீனை விற்ற பணத்தில் செலவைக் கழித்து, மிஞ்சியதில் ஒரு பகுதி வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டிக்குப் போகும். மறுபகுதி இழுத்தவர்களுக்குப் பங்காகப் பிரியும். விகிதம் கரைக்குக் கரை மாறும், அடிப்படை மாறாது. மீன் பட்டால் எல்லோருக்கும் உண்டு, படாவிட்டால் ஒருவருக்கும் இல்லை. இங்கே பொதுநலத்துக்காகத் தன்னலத்தை விட்டுவிடு என்று எவரும் எவருக்கும் உபதேசம் செய்வதில்லை. ஒருவருடைய வீட்டு அடுப்பு எரிவது பக்கத்தில் நிற்பவரின் கையைப் பொறுத்திருப்பதால், இரண்டு நலன்களும் ஒரே கயிற்றில் ஏறிவிடுகின்றன. பிடி கொடுக்க வந்த முதியவருக்கும் சிறுவனுக்கும் கறிக்கு மீன் அள்ளிக் கொடுப்பதும் இதே ஒழுங்கின் ஒரு பகுதிதான். அதைத் தருமம் என்று கணக்கில் வைப்பது பிழை. கொடுத்த பிடிக்குக் கிடைத்த பங்கு அது.

இப்படிப்பட்ட தொழில் மனிதரின் மனப்போக்கையே மாற்றுகிறது என்பதற்கு நல்ல சான்று பிரேசிலில் இருந்து கிடைத்திருக்கிறது. யூரி நீசி, ஆந்திரியாஸ் லைப்பிராண்ட், ஜோன் லிஸ்ட் என்ற மூன்று பொருளியலாளர்கள் அந்நாட்டின் வடகிழக்கில் உள்ள இரண்டு வகை மீனவர்களை ஒப்பிட்டார்கள். ஏரியில் தொழில் செய்வோர் சிறு தோணியில் தனியாகப் போகிறவர்கள். கடலில் தொழில் செய்வோருக்குப் பெரிய தோணியும் பல ஆட்களும் வேண்டும். பணம் வைத்து ஆடும் சோதனை ஆட்டங்களில், கடல் மீனவர்கள் ஏரி மீனவர்களைவிடக் கூடுதலாக நம்பினார்கள். கூடுதலாகப் பொதுவில் இட்டார்கள். முக்கியமான செய்தி அடுத்துத்தான் வருகிறது. ஒருவர் எத்தனை காலம் அந்தத் தொழிலில் இருந்திருக்கிறாரோ அந்த அளவுக்கு இந்த வேறுபாடு கூடியது. நல்லவர்கள் கடலுக்குப் போனார்கள், மற்றவர்கள் ஏரியில் நின்றார்கள் என்று இதை விளக்கிவிட முடியாது. கடல்தொழில்தான் அவர்களைப் பழக்கியது. இந்தோனேசியாவின் லமலெரா ஊரில் திமிங்கிலம் பிடிப்பவர்களிடம் நடந்த ஆய்வும் இதே பக்கம் கைகாட்டுகிறது. ஒரு தொகையை யாரென்று சொல்லப்படாத ஒருவரோடு பிரித்துக்கொள்ளச் சொன்னபோது, அவர்கள் சராசரியாகப் பாதிக்கும் மேலாகவே அடுத்தவருக்குக் கொடுக்க முன்வந்தார்கள். திமிங்கிலத்தைத் தனியாள் பிடிக்க முடியாது. எந்தத் துண்டு யாருக்கு என்பதும் அந்த ஊரில் முன்னரே வகுக்கப்பட்ட முறை.

இதற்கு எதிராகச் சொல்லக்கூடிய முதல் வாதம் வலுவானது. கயிறு இழுப்பதை வைத்தே பிறந்ததும்கூட. மக்ஸ் ரிங்கெல்மான் என்ற பிரெஞ்சு விவசாயப் பொறியியலாளர், மனிதர் தனியாக இழுக்கும்போதும் கூட்டமாக இழுக்கும்போதும் எவ்வளவு வலு வெளிப்படுகிறது என்று அளந்து பார்த்து, 1913இல் முடிவுகளை வெளியிட்டார். எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது, தலைக்கு விழுந்த வலு, ஒருவர் தனியாக இழுக்கும் வலுவில் ஏறக்குறைய பாதியாகக் குறைந்துபோயிருந்தது. ஆள் கூடக் கூட ஒவ்வொருவரும் சோம்பினார்கள் என்று இதை வாசித்து, கூட்டு வேலை என்பதே ஏமாற்றுக்கு இடம் கொடுப்பது என்று முடிவு கட்டுவோர் உண்டு. ஆனால் ரிங்கெல்மானே இரண்டு காரணங்களைப் பார்த்தார். ஒன்று, எல்லோரும் ஒரே கணத்தில் இழுக்காததால் வீணாகும் வலு. மற்றது, அடுத்தவர் பார்த்துக்கொள்வார் என்ற எண்ணம். முதலாவதற்கு நமது கரைகளில் மிகப் பழைய மருந்து இருக்கிறது. வலை இழுக்கும்போது ஒருவர் எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் சேர்ந்து பாடும் அம்பாப் பாட்டுகள் களைப்பை ஆற்றுவதோடு, எல்லாக் கைகளையும் ஒரே கணத்தில் பின்வாங்க வைக்கின்றன. நாட்டார் பாடல் தொகுப்புகளில் அவற்றின் சொல்லழகைப் பாராட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அவை ஒரு தொழிற்கருவி என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது காரணமான சோம்பலை 1970களில் அமெரிக்க உளவியலாளர்கள் தனியே பிரித்து ஆராய்ந்தார்கள். கண்ணைக் கட்டி, பின்னால் ஆட்கள் இழுக்கிறார்கள் என்று நம்பவைத்தால், உண்மையில் தனியாக இழுக்கும் மனிதரும் சற்றுக் குறைவாகவே இழுக்கிறார் என்று 1974இல் தெரியவந்தது. அதன் மறுபக்கம் 1981இல் வெளியானது. கூச்சலிடும் ஒரு சோதனையில், ஒவ்வொருவரின் முயற்சியும் தனித்தனியே அளக்கப்படுகிறது என்று சொன்னவுடன் அந்தத் தளர்ச்சி மறைந்துபோயிற்று. ஆகவே கூட்டத்தில் சோம்பல் பிறப்பது கூட்டம் என்பதனால் மட்டும் அல்ல. என் உழைப்பு யாருக்கும் தெரியாது, அதனால் எனக்கும் ஒன்றும் குறையாது என்ற நிலை வரும்போதுதான் அது பிறக்கிறது. கரைவலைக் கயிற்றில் முன்னாலும் பின்னாலும் நிற்பவர்களுக்குத் தொய்ந்த கை எது என்று தெரியும். அங்கே பங்கு போடுவதும் எல்லோர் கண்முன்னும் நடக்கும்.

இந்த வெளிச்சத்தில் நம் நாட்டுக் கூட்டுறவு இயக்கத்தின் வரலாற்றைப் பார்த்தால், அது வளர்ந்ததற்கும் தளர்ந்ததற்கும் விடை கிடைக்கிறது. இலங்கையில் கூட்டுறவுச் சங்கங்களுக்கான முதல் சட்டம் 1911இல் வந்தது. சிறு சிக்கனக் கடனுதவுச் சங்கங்களாகத் தொடங்கிய இயக்கம், யாழ்ப்பாணத்தில் 1936இல் மூளாய் கூட்டுறவு வைத்தியசாலையை நிறுவும் அளவுக்குத் துணிவு பெற்றது. ஓர் ஊர் தன் சேமிப்பைக் கொண்டு வைத்தியசாலை கட்டலாம் என்று நினைத்ததே பெரிய காரியம். அந்தச் சங்கங்களில் தலைவரும் செயலாளரும் தெருவில் எதிர்ப்படுகிறவர்கள். கடன் வாங்கியவர் யார், கட்டாதவர் யார் என்று எல்லோருக்கும் தெரியும். 1970களின் தொடக்கத்தில் அரசு ஆயிரக்கணக்கான சிறு சங்கங்களை இணைத்துச் சில நூறு பெரிய பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களாக்கியது. நிர்வாகம் இறுகும், வீண்செலவு குறையும் என்பது நோக்கம். நடந்தது வேறு. இயக்குநர் சபைகளில் அரசியல் நியமனங்கள் புகுந்தன. உறுப்பினர் என்ற சொல் வாடிக்கையாளர் என்பதாகச் சுருங்கியது. ‘நம்முடைய சங்கம்’ என்று சொன்ன மக்கள் ‘சங்கக் கடை’ என்று சொல்லத் தொடங்கினார்கள். மக்களின் குணம் இரண்டு மூன்று வருடத்தில் கெட்டுவிடவில்லை. அவர்கள் கண்ணுக்கு எட்டாத தூரத்துக்குக் கணக்கு நகர்ந்துவிட்டது.

இன்னொரு எதிர்வாதத்தை இவ்வளவு எளிதாகக் கடக்க முடியாது. பங்கு முறை எவ்வளவு நேர்மையாக இருந்தாலும் ஒரு சமூகம் தானே தன்னைக் கெடுத்துக்கொள்ள முடியும். அதற்கும் இலங்கைக் கரைவலையே சாட்சி. போல் அலெக்சாந்தர் என்ற மானிடவியலாளர் தென்கரையில் மாவெல்ல என்று பெயரிட்டுக் குறிப்பிட்ட ஒரு மீனவ ஊரை ஆராய்ந்து, 1982இல் நூலாக வெளியிட்டார். அங்கே வலை இழுக்கும் முறைவரிசை மிக நுணுக்கமானது. கரையின் நல்ல பக்கமும் மோசமான பக்கமும், மீன் கூடும் நாளும் குறையும் நாளும் எல்லா வலைகளுக்கும் சமமாக வந்துசேரும்படி ஊர் வகுத்திருந்தது. இப்படியொரு நீதி பல நாட்டுப் பாராளுமன்றங்களுக்கே வாய்க்காது. ஆனால் புதிய வலைகள் சேர்வதை அவர்களால் நிறுத்த முடியவில்லை. 1930களில் சில பத்துகளாக இருந்த வலைகள் 1970களின் தொடக்கத்தில் நூறைத் தாண்டின. ஒவ்வொரு வலைக்கும் முறை வரும் நாட்கள் அருகி, வலைக்காகப் போட்ட முதலே மீளாத நிலை வந்தது. வலைகளின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தும் விதி ஏட்டில் இருந்தது. அதை நடைமுறைப்படுத்த முயன்றபோதெல்லாம் அரசியல் செல்வாக்கு குறுக்கே வந்தது. பொதுச்சொத்துகளை மக்கள் தாமே ஆளமுடியும் என்று காட்டியதற்காக 2009இல் பொருளியல் நோபல் பரிசு பெற்ற எலினோர் ஒஸ்ட்ரோம், 1990இல் எழுதிய தன் புகழ்பெற்ற நூலில் இந்த ஊரைத் தோல்விகளின் பட்டியலில் வைத்தார்.

கூட்டு வேலையை நம்புகிறவர்கள் இந்தத் தோல்வியை மறைக்கக்கூடாது. இதிலிருந்துதான் கற்க வேண்டும். உள்ளே நீதியாகப் பங்கிடுவது பாதி வேலை. எத்தனை பேர், எத்தனை வலை, எவ்வளவு எடுப்பது என்று எல்லை வகுத்து, மீறுபவரைத் தடுக்கும் அதிகாரம் அந்த ஊரின் கையில் இருப்பது மறுபாதி. பொது மேய்ச்சல் நிலம் அழிந்தே தீரும் என்று 1968இல் எழுதிய கரெட் ஹார்டின், மனிதருக்குத் தன்னலம் மட்டுமே உண்டு என்று கொண்டார். மாவெல்ல மீனவர்கள் அவரைப் பொய்யாக்கினார்கள், முறைவரிசை வகுத்ததன் மூலம். அந்த ஊரை வெளியார் பலவீனப்படுத்தியபோது அவர் சொன்னதுபோலவே ஆயிற்று. இதில் யாரைக் குறைசொல்வது என்று கேட்டால், விதியை வளைக்கச் சிபாரிசு எழுதியவர்களையே நான் சொல்வேன்.

மூன்றாவது எதிர்வாதம் நெஞ்சைத் தொடுவது. சமூகம் என்று சொல்லும்போது அதில் யார் யார் சேர்த்தி? தமிழ்நாட்டின் பழவேற்காட்டு ஏரியில் மீனவ ஊர்கள் இறால் பிடிக்கும் இடங்களைக் குலுக்கிப்போட்டு முறையாகப் பகிரும் பாடு முறை உலக ஆய்வாளர்களால் பாராட்டப்பட்டது. ஆனால் அந்த உரிமை பட்டினவர் சாதி ஊர்த் தலைக்கட்டுகளுக்கே உரியதாக இருந்தது. ஏரியை நம்பி வாழ்ந்த மற்றச் சாதியாரை வெளியே நிறுத்தியது. தலைக்கட்டு என்பது ஆண்தான், பெண் கணக்கில் இல்லை. நமது கரைகளிலும் சம்மாட்டியிடம் வாங்கிய முற்பணத்தால் கட்டுண்டு, பங்கு குறைந்தாலும் வேறு வலைக்குப் போகமுடியாத தொழிலாளர் இருந்திருக்கிறார்கள். ஊர் ஒற்றுமை என்ற பெயரில் எளியவரின் வாயை அடைத்த வரலாறு நமக்கு நிறைய உண்டு. ஆகவே தனிமனிதரைச் சமூகத்துக்கு அடியில் வை என்று சொல்லும் எந்த அறிவுரையையும் நான் ஏற்கமாட்டேன். பங்கும், கணக்குக் கேட்கும் உரிமையும், விலகிப்போகும் உரிமையும் இருக்கும் இடத்தில்தான் விட்டுக்கொடுப்பதற்குப் பெருமை உண்டு. அவை இல்லாத இடத்தில் விட்டுக்கொடுக்கச் சொல்வது சுரண்டல். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே கடலில் தொழில் செய்யும் திருகோணமலை மாவட்டத்தில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது. மீனுக்கு ஊரெல்லை கிடையாது. ஒரு கரையின் கட்டுப்பாட்டை அடுத்த கரை மதிக்காவிட்டால் இரண்டுக்கும் மீன் இல்லை.

இப்போது உழவு இயந்திரத்தில் பூட்டிய வின்ச் கரைவலையை இழுக்கத் தொடங்கிவிட்டது. அதைக் கட்டுப்படுத்த எடுத்த முயற்சிகளும், கட்டுப்பாட்டை எதிர்த்த போராட்டங்களும் வடக்கிலும் கிழக்கிலும் நடந்திருக்கின்றன. உள்ளங்கை தோலுரிய இழுத்தவர்களுக்கு இயந்திரம் ஆறுதல்தான். இளைஞர்கள் அந்த வேலைக்கு வராததும் உண்மை. பழைய முறையை அருங்காட்சியகப் பொருளாகக் காக்கச் சொல்வது நியாயமில்லை. ஆனால் பல பேர் இழுத்த வலையைச் சில பேர் இழுக்கும்போது, மிச்சமான பங்கு யாருக்குப் போகிறது என்ற கேள்வியைக் கரைச் சங்கங்கள் கேட்கத்தான் வேண்டும். வின்ச்சைச் சங்கம் வாங்கி எல்லா வலைக்கும் முறைவைத்துக் கொடுப்பது ஒரு வழி. வசதியுள்ள ஒருவர் வாங்கி மற்றவர்களைக் கூலியாக்குவது இன்னொரு வழி. இயந்திரம் இரண்டுக்கும் ஒத்துழைக்கும்.

அன்புவழிபுரம் போன்ற திருகோணமலைப் பட்டணத்தை ஒட்டிய குடியிருப்புகளில் கடல்தொழிலாளரோடு கூலித் தொழிலாளரும், அரச ஊழியரும், சிறு கடை நடத்துவோரும் கலந்து வாழ்கிறார்கள். அங்கே எல்லோரையும் ஒரு கயிற்றில் நிறுத்தும் வலை இல்லை. அந்த இடத்தை நிரப்பக்கூடியவை கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம், மரண உதவிச் சங்கம், கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம், அக்கம்பக்கத்தார் சேர்ந்து போடும் சீட்டு ஆகியவைதான். சீட்டு ஏன் இன்றும் உடையாமல் ஓடுகிறது என்று பாருங்கள்: பத்துப் பன்னிரண்டு பேர், தெரிந்த முகங்கள், யாருக்கு எந்த மாதம் என்பது எல்லோருக்கும் தெரியும். பெரும்பாலும் அதை நடத்துகிறவர்கள் பெண்கள். பதவி ஆண்களிடமும் கணக்கு பூட்டிய அலுமாரியிலும் இருக்கும் சங்கங்கள் இதைப் பார்த்துக் கற்கலாம். ஊரில் ஒற்றுமை இல்லை என்று குறைபடுகிறவர்களிடம் கேட்கிறேன். உங்கள் சங்கத்தின் அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். வரவு செலவை எல்லோர் முன்னிலையிலும் உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். உதவி யாருக்கு எந்த முறையில் கிடைத்தது என்பதை எழுதிச் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள். இதுவரை கூட்டத்துக்கு அழைக்கப்படாத வீடு எது என்று கேட்டு, அந்த வீட்டாரையும் அழைத்து வாருங்கள்.