பத்துக்குப் பத்து, ஆனாலும் மூன்றாமிடம்

மாணவர்களே! ஒரு பந்தயத்தின் முடிவைப் பாருங்கள். முதலாவது வந்தவருக்கு 26 நிமிடம் 8.8 விநாடி. இரண்டாமவருக்கு 26 நிமிடம் 9.9 விநாடி. மூன்றாமவருக்கு 26 நிமிடம் 10.0 விநாடி. மூவரும் 1.2 விநாடிக்குள் அடங்கிவிட்டார்கள். வியப்பு இதோடு முடியவில்லை. சுட வேண்டிய பத்துக் குண்டுகளில் ஒன்றைக்கூடத் தவறவிடாதவர் மூன்றாமவர்தான்!

அவர் பெயர் வலென்டினா செர்பே. உக்ரைன் நாட்டு வீராங்கனை. 1994 பிப்ரவரி 23 அன்று, நார்வேயின் லில்லஹாமர் நகரில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில் 7.5 கிலோமீட்டர் பயத்லான் போட்டியில் வெண்கலம் பெற்றார். 1991இல் தனி நாடான உக்ரைன் தன் சொந்தக் கொடியின் கீழ் பெற்ற முதல் ஒலிம்பிக் பதக்கம் அதுதான். அவர் ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனால் அந்த ஒரு நாள் பந்தயத்தில் நமக்கு ஓர் இயற்பியல் பாடமே இருக்கிறது.

பயத்லான் என்பது பனிச்சறுக்கு ஓட்டமும் துப்பாக்கி சுடுதலும் சேர்ந்த போட்டி. முதுகில் குறைந்தது மூன்றரைக் கிலோ எடையுள்ள துப்பாக்கியைச் சுமந்துகொண்டு பனியில் விரைய வேண்டும். இடையில் நின்று, படுத்தபடி ஐந்து குண்டுகள். மறுபடி ஓடி வந்து, நின்றபடி ஐந்து குண்டுகள். தவறும் ஒவ்வொரு குண்டுக்கும் 150 மீட்டர் தண்டனைச் சுற்று ஒன்று கூடுதல். அதற்கே ஏறக்குறைய 25 விநாடி போய்விடும்.

இலக்கு 50 மீட்டர் தொலைவில் இருக்கிறது. அதாவது இரண்டரை கிரிக்கெட் ஆடுபாதையின் நீளம். படுத்துச் சுடும்போது இலக்கின் விட்டம் வெறும் 45 மில்லிமீட்டர், ஓர் எலுமிச்சம்பழ அளவு. குறி நடுவிலிருந்து 22.5 மில்லிமீட்டருக்கு மேல் விலகக் கூடாது. உங்கள் கணக்குப் பாடத்தில் வரும் ஒத்த முக்கோணங்களை இங்கே பயன்படுத்துங்கள். 50 மீட்டரில் 22.5 மில்லிமீட்டர் என்றால் ஒரு மீட்டரில் எவ்வளவு? 0.45 மில்லிமீட்டர்! தோளில் பதிந்த துப்பாக்கியின் முனை ஏறத்தாழ ஒரு மீட்டர் முன்னே இருக்கிறது. அந்த முனை அரை மில்லிமீட்டர் ஆடினாலே குண்டு தவறிவிடும்.

இப்போது சுடுபவரின் நிலையை நினைத்துப் பாருங்கள். மேடேறி ஓடி வந்தவரின் இதயம் நிமிடத்துக்கு 170, 180 முறை துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் மேற்கையின் தமனி துப்பாக்கி வாரை உந்துகிறது, முனை துள்ளுகிறது. 180 துடிப்பு என்றால் இரு துடிப்புகளுக்கு இடையே மூன்றில் ஒரு விநாடிதான். மூச்சைச் சற்றே நிறுத்தி, விசையை மெல்ல அழுத்த வேண்டும். நின்று சுடும்போது இலக்கு 115 மில்லிமீட்டராகப் பெரிதாகிறது. சலுகையா? இல்லை. நிற்பவரின் ஈர்ப்பு மையம் உயரத்தில். தாங்கும் அடிப்பரப்போ இரண்டு பாதங்கள் மட்டுமே. உடல் முழுவதும் ஊசலாடும்.

இத்தனையையும் வென்றுதான் செர்பே பத்து இலக்குகளையும் வீழ்த்தினார். பிறகு ஏன் மூன்றாமிடம்? முதலில் வந்த கனடாவின் மிரியம் பெடார் இரண்டு குண்டுகளைத் தவறவிட்டார். இரண்டு தண்டனைச் சுற்றுகளும் ஓடினார். அதில் இழந்த ஐம்பது விநாடியையும் வேகத்தால் மீட்டுவிட்டார். இதில் வேடிக்கை என்னவென்றால், அவர் தம்முடைய இரு சறுக்குப் பலகைகளும் ஒன்றுக்கொன்று ஜோடியல்ல என்பதைப் பின்னர்தான் அறிந்தார்! பலகையின் அடியில் பூசும் மெழுகைப் பொறுத்துப் பனியோடு உண்டாகும் உராய்வு மாறும். ஒரே ஜோடியாக இருந்திருந்தால் இன்னும் விரைந்திருப்பாரோ என்னவோ! இதை அநீதி என்று சொல்ல மாட்டேன். குறி தவறாமை, வேகம் இரண்டையும் ஒரே கடிகாரத்தால் அளப்பதுதான் இந்த விளையாட்டு. ஆனாலும் என் மனம் என்னவோ செர்பேயின் பக்கம்தான்.

வெள்ளி வென்ற பெலாரஸின் ஸ்வெட்லானா பராமிகினாவுக்கும் அவருக்கும் இடையே இருந்தது 0.1 விநாடி. எவ்வளவு சிறிய காலம் இது? 7500 மீட்டரை 1570 விநாடியால் வகுத்தால் சராசரி வேகம் விநாடிக்கு 4.8 மீட்டர். அப்படியானால் 0.1 விநாடிக்கு அரை மீட்டர்கூட இல்லை. ஒரு சறுக்குப் பலகையின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ஒருவர் பின் ஒருவராக இடைவெளி விட்டுப் புறப்படும் போட்டியாதலால், இந்த அரை மீட்டரை யாரும் கண்ணால் பார்க்கவும் இல்லை. கடிகாரம்தான் சொன்னது.

இன்னொரு ஒப்பீடும் செய்யலாம். குண்டின் வேகம் ஏறக்குறைய ஒலியின் வேகம்தான், விநாடிக்குச் சுமார் 320 மீட்டர். 50 மீட்டரைக் கடக்க அதற்கு 0.16 விநாடி வேண்டும். அதற்குள் புவி ஈர்ப்பு அதை எவ்வளவு கீழே இழுக்கும்? ½gt² என்ற சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள்: சுமார் 12.5 சென்டிமீட்டர். எலுமிச்சம்பழ இலக்கைப் போல மூன்று மடங்கு! அதனால்தான் குழாயைச் சற்றே மேல்நோக்கி இருக்குமாறு குறிநோக்கியை முன்கூட்டியே சரிசெய்து கொள்கிறார்கள்.

அதாவது, செர்பே சுட்ட ஒரே ஒரு குண்டு இலக்கை அடைய எடுத்துக்கொண்ட நேரத்தைவிட, அவர் வெள்ளியை இழந்த நேரம் குறைவு.

இதே 7.5 கிலோமீட்டர் போட்டியில் உக்ரைனுக்கு 2006இல் லிலியா எஃப்ரெமோவாவும் 2014இல் வீட்டா செமெரென்கோவும் பதக்கம் பெற்றுத் தந்தார்கள். இரண்டும் வெண்கலமே.